மூன்றாம் சிலிண்டரில் மஞ்சள் தண்ணீர்

என் மாமன் மகளை இன்னொருவனுக்குப் பெண் காட்ட அழைத்துப் போன கார், வழியில் என்னிடமே ரிப்பேருக்கு வந்தது. இப்படி ஒரு சோதனை எந்த மெக்கானிக்குக்கும் வரக்கூடாது. ஆனாலும் இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லையை எங்கே போடுவது என்று ஆந்திராவும் மெட்ராஸும் பேசிக்கொண்டிருந்த காலம். நான் புத்தூரில் ஒரு கார் ஷெட்டில் வேலை பார்த்தேன். என் அம்மாவின் தம்பி நகரியில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள்மேல் எனக்கு ஆசை என்பது ஊருக்கே தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம் போவுமோ தெரியல. கவர்மெண்டு வேலைக்காரனுக்கு எந்தப் பக்கம் போனாலும் சம்பளம் வரும். உனக்கு?" என்று ஒருநாள் கேட்டார். எஞ்சினுக்கு எல்லை ஏது என்று நான் யோசித்துச் சொல்வதற்குள் சித்தூரில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்துவிட்டார். அங்கே பக்கத்தில் காணிப்பாக்கம் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று காலை வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. முன்னால் மாமா, பின்னால் மாமியும் பட்டுப்புடவையில் அவளும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு வாட்டி தண்ணி ஊத்திட்டேன். எங்க போவுதுன்னே தெரியல. ரேடியேட்டர் ஒழுவுதுன்னு மஞ்சத்தூளு கூட போட்டுட்டேன்," என்றார் மாமா. அந்தக் காலத்து டிரைவர்கள் ரேடியேட்டரில் சின்ன ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூளைப் போடுவார்கள். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மாமா தாராளமாகவே போட்டிருந்தார்.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"மாமா, தண்ணி வெளிய போவல. எஞ்சின் ஹெட்டுக்குக் கீழ இருக்கிற கேஸ்கட் எரிஞ்சிபோச்சி. சிலிண்டருக்குள்ள தண்ணி எறங்கிக்கினு கீது. ரெண்டு நாளு வேலை."

"நீ இதத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

நியாயமான சந்தேகம்தான். பொய் சொல்ல எல்லாக் காரணமும் உள்ளவன் நான். முதல்முறையாக உண்மை என் கட்சிக்கு வந்திருக்கிறது, அதை நம்பத்தான் ஆளில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்கு சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்றாவது மட்டும் கழுவிக் கவிழ்த்த டம்ளராகப் பளபளத்தது. மற்றவை கரி. தண்ணீர் இறங்கியது அந்த மூன்றாவது சிலிண்டரில்தான்.

"நீயே தொடச்சி வெச்சிருப்பே."

"அப்போ ஹேண்டில நீங்களே சுத்துங்க மாமா. உள்ள தண்ணி இருந்தா பிளக்கு ஓட்டை வழியா வெளிய வரும்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் முன்னால் நின்று ஒரு வேகத்தோடு சுற்றினார். நான் மூன்றாவது பிளக் இருந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்திருந்தேன். குனியக்கூடாது என்று தெரிந்தவன்தான், ஆசை யாரை விட்டது? சிலிண்டருக்குள் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. மீசை, சட்டை, காது, எல்லாம் மஞ்சள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவது வழக்கம். மாமிதான் முதலில் சிரித்தாள். "மொறப்பொண்ணு ஊத்த வேண்டிய தண்ணி. இவரு ஊத்திட்டாரு."

ஷெட்டே சிரித்தது. மாமா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே குலுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெட்டுத்தான் போயிருக்குது, ஒத்துக்கறேன்," என்றார். "சரி, எறங்குங்க. சித்தூருக்கு பஸ்ஸு இருக்குது."

உலகத்தில் பஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

அப்போதுதான் அவள் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தாள். "பஸ்ஸுல போனா எனக்கு வாந்தி வரும் நைனா."

நகரியிலிருந்து புத்தூர் ஹைஸ்கூலுக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்தவள் அவள். ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. மாமா அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மாமா ஹேண்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ஹெட்டக் கழட்டு," என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."