கழுத்துப்பிடிக்குள் பேசியது

போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கழுத்து உருவிவிட நேரம் குறித்து ஒரு டெர்மின் தந்திருந்தார்கள். டொக்டர் எழுதித் தந்த ஆறு தடவையில் அது முதலாவது. ஜேர்மனியில், எசன் நகரில், என் வீட்டுத் தெருமுனையிலேயே அந்த இடம். உருவிவிட வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னை ஒரு ஸ்டூலில் இருத்தி, குதிரைத் தைலம் பூசினாள். பெயர்தான் குதிரைக்கு; பூசுவதெல்லாம் மனிதர்கள். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறும்போதே எனக்கு ஏதோ செய்தது. பிறகு அவள் பின்னால் நின்றுகொண்டு என் தலையைத் தன் கைமடிப்புக்குள் வைத்து மெல்லச் சாய்த்து, "எப்பிடி இருக்கு?" என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், கேட்டாள்.

நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். மேல்வீட்டுக்காரர் டோட்முண்டுக்குக் குடிபோய்விட்டதையும், அதற்குப் பிறகு தலைக்கு மேல் காலடிச் சத்தம்கூட இல்லாததையும் சொன்னேன். இருப்பதில் சின்னச் சட்டியில் சோறு வைத்தாலும் மிஞ்சுகிறது என்றேன். வெள்ளிக்கிழமையில் இருந்து நான் பேசிய ஒரே ஆள் கடையில் காசு வாங்குகிற பெண், அவளிடமும் "பை வேண்டாம்" என்று மட்டும்தான் பேசினேன் என்றேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டாள். நல்ல வளர்ப்பு.

"நான் நோகுதோ எண்டுதான் கேட்டனான்" என்றாள் கடைசியில்.

அவளில் பிழையில்லை. யாராவது என் கழுத்தைப் பிடித்தால் நான் மனதைத் திறந்துவிடுவேன். இது ஒரு தொழில் வியாதி. என்ன தொழில் என்று உங்களுக்குச் சொல்லாவிட்டால் வேறு ஏதாவது நினைத்துவிடுவீர்கள்.

பதினொரு வருடம் நான் தொழில்முறை மல்யுத்த வீரனாக இருந்தேன். வீரன் என்பது கொஞ்சம் கூடிப்போன சொல். தோற்பவனாக இருந்தேன். ரூர் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்துச் சின்ன ஊர்களில், ஞாயிறு மத்தியானங்களில், விளையாட்டு மண்டபங்களிலும் பியர்க் கூடாரங்களிலும் கயிறு கட்டி மேடை போட்டுச் சண்டை காட்டுவார்கள். யார் வெல்வது என்பது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம். என் விஷயத்தில் பேசவே தேவையிருக்கவில்லை.

அந்த வேலைக்கு நான் அன்ட்றாக், விண்ணப்பம் எல்லாம் எழுதிப்போடவில்லை. அவர்கள் பழகுகிற கூடத்தைத் துடைத்துக் கழுவுவதுதான் என் வேலை. ஒருநாள் தோற்க வேண்டியவன் வரவில்லை. முதலாளி என் தோள்களைப் பார்த்துவிட்டு, "விழத் தெரியுமோ?" என்று கேட்டார். அகதி முகாமில் இரண்டு வருடம் மேல்கட்டிலில் படுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? தெரியும் என்றேன். வாளியை ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன்.

முதலில் என்னை மகாராஜா ஆக்கினார். தலைப்பாகை, கரியால் வரைந்த மீசை. ஒரு வருடத்தில் சனத்துக்கு அது அலுத்துவிட, பாலைவனத்து ஷேக் ஆனேன். பிறகு முகமூடி போட்ட மெக்சிக்கோக் கழுகு, எகிப்திய மம்மி, ஒரு பாம்பாட்டி. பாம்பு றப்பர். அலுத்த வேஷம் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வரும். மகாராஜாவாக மட்டும் மூன்று தடவை முடிசூடியிருக்கிறேன். உலகத்தில் மண்ணிறத் தோல் உள்ள எல்லா நாட்டுக்காரனாகவும் இருந்திருக்கிறேன், என் நாட்டுக்காரனாகத் தவிர. ஒருதடவை துணிந்து கேட்டேன், யாழ்ப்பாணத்தானாக ஒரு வேஷம் கட்டினால் என்ன என்று. அங்கே என்ன இருக்கிறது என்று முதலாளி கேட்டார். பனை இருக்கிறது என்றேன். நெடுநேரம் யோசித்தார். அடுத்த மாதம் நான் ஹவாய்த் தீவுத் தலைவன்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது. கிழமை நாட்களில் ஒரு லாகரில், சாமான் கிடங்கில், பெட்டி அடுக்கினேன். அங்கே என்னோடு வேலை செய்த சிவம் அண்ணை ஒருமுறை பக்கத்து வீட்டு டொச்காரரோடு ஹம் என்ற ஊருக்கு எங்கள் சண்டை பார்க்க வந்துவிட்டார். முன்வரிசை. முகமூடிக்குள் இருந்த என்னைப் பார்த்து, "அடேய், அவன்ர காலை வாரடா, காலை" என்று தமிழிலேயே கத்தினார். திங்கட்கிழமை பெட்டி அடுக்கிக்கொண்டே கதை சொன்னார்.

"ஒரு மெக்சிக்கோக்காரன் தம்பி. வாங்கின அடி கொஞ்சமில்லை. நாய் படாத பாடு."

"அப்பிடியே அண்ணை?"

"ஓம். ஆனா அவன்ர நடை உன்ர நடை மாதிரியே கிடந்தது. உன்னை மாதிரித்தான், வாத்து."

சொல்லியிருக்கலாம். மம்மியாகச் சுற்றிக் கட்டின பண்டேஜோடு என்னை நினைத்துப் பார்ப்பாரே என்ற வெட்கம். சிரித்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

அன்றைக்கு எனக்கு அடித்தவன் ஊவே. எல்லா ஞாயிறும் அவன்தான். சுரங்கத் தொழிலாளி வேஷம் அவனுக்கு: முகத்தில் கரி, தலையில் விளக்குத் தொப்பி. அந்த விளக்கு எரிந்தால் மண்டபமே எழும்பி நிற்கும், அங்கே பாதிப் பேருக்கு அப்பாவோ அப்பப்பாவோ சுரங்கத்தில் இருந்தவர்கள். ஊவே ஒருநாள்கூட நிலத்துக்கு அடியில் இறங்கியவனில்லை. வீடு வீடாகப் போய்ச் சமையலறை அலுமாரி பொருத்துவது அவன் தொழில்.

முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. நல்லவனும் கெட்டவனும் வெளியே சேர்ந்து நிற்கக் கூடாது. ஒரே காரில் வரக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, வீதியில் கண்டால் தலையாட்டவும் கூடாது. கண்டுவிட்டால் சனம் ஏமாந்துபோகும், அடுத்த ஞாயிறு வராது. ஊவேயும் நானும் எசனில் ஒரே பகுதி. அவன் காரில் போவான்; நான் வேஷப் பையோடு ரயிலில் போய், பஸ் பிடித்து, மிச்சத்தை நடப்பேன். பஸ் தரிப்பில் மழையில் நிற்கும்போது அவன் கார் என்னைக் கடக்கும். ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்துவான். அவ்வளவுதான் எங்கள் வெளியுலக உறவு.

ஆனால் கழுத்துப்பிடி என்று ஒன்று இருக்கிறது. ஒருவன் மற்றவன் தலையைக் கக்கத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. பார்க்கிறவர்களுக்குப் பயங்கரம். உண்மையில் அது இளைப்பாறும் இடம். மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று காதோடு பேசிக்கொள்வோம். "இப்ப தூக்கி எறியப் போறன், நாடியை நெஞ்சோட ஒட்டி வை." இப்படித்தான் தொடங்கியது. (அவன் பேசியது டொச்சில். ஆனால் எனக்கு அது எங்கள் பாஷையில்தான் ஞாபகம் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

பிறகு மெல்ல மெல்ல மற்றக் கதைகளும் வந்தன. என் டொச் முழுக்க அந்தக் கக்கத்துக்குள் படித்தது. வியர்வையும் குதிரைத் தைலமும் மணக்கிற வகுப்பு. இன்றைக்கும் மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு வசனம் வரும்.

"ஊவே, அகதி ஒபிசில இருந்து கடிதம் வந்திருக்கு. ஏலாது எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"மறுத்து எழுத நாள் குடுத்திருப்பாங்கள். வடிவாப் பார். திகதி தவறினா முடிஞ்சுது."

"என்னெண்டு எழுதுறது?"

"அடுத்த ஞாயிறு சொல்லுறன். இப்ப விழு."

விழுந்தேன். அடுத்த ஞாயிறு, பாம்பாட்டியாக நான் மூச்சுத்திணறிக் காலை உதைத்துக்கொண்டிருக்க, அவன் அந்தக் கடிதத்தை வரி வரியாகச் சொன்னான். அவனும் தன் பாடுகளைச் சொல்வான். மனைவி பிரிந்துபோனது, மகன் அவளோடு இருப்பது, அலுமாரிக் கதவு ஒன்றைக் கோணலாகப் பொருத்திவிட்டு அழுதது. ஒருவரின் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இடம், அதுதான் வசதி. கிழமைக்கு ஒருதடவை, இரண்டு நிமிடம். இந்த நாட்டில் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஒரே ஆள், என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவன்தான்.

ஒரு ஞாயிறு காலை, ரயிலுக்கு வெளிக்கிடும் நேரம் ஊரில் இருந்து போன் வந்தது. அம்மா செத்துவிட்டா. அதைச் சொன்ன ஒன்றுவிட்ட அண்ணன் வேறு ஏதோ சொல்வதற்குள் லைன் அறுந்துபோனது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியெல்லாம் நான் யோசித்தது ஒன்றைத்தான்: கழுத்துப்பிடி எத்தனையாவது நிமிடத்தில் வரும்?

அன்றைக்கு நான் மகாராஜா. தலை அவன் கக்கத்துக்குள் போனதும் சொன்னேன்.

"அம்மா செத்துப் போனா."

பிடி அசையவில்லை. "எப்ப?"

"இண்டைக்கு."

"போகப் போறியே?"

"ஏலாது. பாஸ்போட் இல்லை."

பேசி வைத்தபடி இரண்டாவது நிமிடம் அவன் என்னைக் கயிற்றில் எறிய வேண்டும். எறியவில்லை. சனம் கை தட்டிப் பார்த்தது, பிறகு விசிலடித்தது. "படுத்திட்டாங்களோ?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நடுவர் குனிந்து, "இவனுக்கு உயிர் இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். "நீ அங்கால போ" என்றான் ஊவே. மைக் பிடித்தவன் சொல்ல ஒன்றுமில்லாமல், வாசலில் விற்கிற சோசேஜைப் பற்றி இரண்டு தடவை அறிவித்தான். திரைக்குப் பின்னால் முதலாளி கையை வெட்டி வெட்டிக் காட்டுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"முடிஞ்சுதோ?" என்று ஊவே காதோடு கேட்டான்.

"இல்லை."

"சரி."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கரி மீசை முழுக்க அவன் வெள்ளைப் பெனியனில் ஒட்டியிருந்தது. பிறகு நானாக அவன் முதுகில் தட்டினேன். எறிந்தான். குழந்தையைக் கிடத்துவது போல எறிந்தான், சனம் ஊவென்று கூவியது. அந்த ஊரில் நாங்கள் செய்த படுமோசமான சண்டை அது என்று முதலாளி வருடக்கணக்காகச் சொன்னார்.

முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். சண்டை பார்த்த ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். ஊவேயின் கார் வந்தது. வேகம் குறைந்தது, கிட்டத்தட்ட நின்றது. நான் அந்த ஆட்களைப் பார்த்தேன், அவனும் பார்த்தான். இரண்டு விரல் உயர்ந்தது. கார் போய்விட்டது.

பிறகு அவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். முதலாளிக்கும் சனம் குறைந்தது, ஞாயிறுகள் நின்றன. இனிச் சட்டமில்லை என்று நாங்கள் ஒருநாள் எசனில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். வாழ்க்கையில் முதல்தடவையாக எதிரும் புதிருமாக, மேசை போட்டு. ஆளுக்கொரு கேக்.  மழை என்றான், மழைதான் என்றேன். இடுப்பைப் பற்றிக் கேட்டேன், இருக்கிறது என்றான். என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் என்ன நிறம் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவன் மற்றவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஏதாவது பேச்சு வந்திருக்கும், பேக்கரியில் எப்படி? அடுத்த மாதம் சந்திப்போம் என்று எழும்பினோம். அடுத்த மாதம் அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவன் நான். எனக்குத்தான் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவன் செத்துப்போனதை ஏழு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். சாமான் வாங்கப்போன கடையில் பழைய நடுவரைக் கண்டேன். "உனக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன்" என்றார். யார் சொல்வது? அவரிடம் நம்பர் வாங்கி ஊவேயின் மகனுக்குப் போன் எடுத்தேன். யார் என்று கேட்டான். என் பெயரைச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியவில்லை. மகாராஜா என்றேன். ஷேக் என்றேன். மெக்சிக்கோக் கழுகு, மம்மி, பாம்பாட்டி, ஹவாய்த் தலைவன்.



"அவையெல்லாம் வேற வேற ஆக்கள் எண்டெல்லோ நினைச்சன்" என்றான். "அத்தனை பேரும் நீங்களோ?"

"ஓம் தம்பி."

"அப்பா உங்களைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை."

மகனிடம்கூடச் சொல்லாமல் ஊவே அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறான். தொழில் சுத்தம். அல்லது சொல்ல ஒன்றும் இல்லையோ என்னவோ. இதை யாரிடம் கேட்பது?

ஊவேக்குக் கல்லறைக் கல் இல்லை. இங்கே இப்போது பலர் அப்படித்தான் கேட்டுவைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர் போடாத ஒரு புல்வெளிக்குள் சாம்பலைப் புதைத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ள யாரும் வரத் தேவையில்லை. மகன் சொன்ன இடத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் போய் நின்றேன். எந்த இடத்தில் என்று தெரியாததால், எந்தப் பக்கம் பார்த்து நிற்பதென்றும் தெரியவில்லை. நாங்கள் சண்டை பிடித்த மண்டபம் ஒன்றில் இப்போது மெத்தை விற்கிறார்கள். இன்னொன்றை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். முன்வரிசையில் இருந்து என்னைத் தூற்றிய கிழவர்களில் பலர் இந்தப் புல்லுக்குப் பக்கத்திலேயே பெயரோடு கிடக்கிறார்கள்.

வாளியில் தண்ணீரோடு ஒரு வயதான அம்மா வந்தா. நான் பழக்கத்தில் புல்வெளியை விட்டு இரண்டு அடி விலகி, வேறு எங்கோ பார்ப்பது போல நின்றேன். அவ என்னைத் திரும்பியும் பார்க்காமல் தன் பாட்டில் போய்விட்டா. ஊவேயையும் என்னையும் ஓரிடத்தில் சேர்த்துக் கண்டால் ஏமாந்துபோகக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.