தொடாமல் தொட்டுப் பார்ப்பது எப்படி

தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு பொருளைச் செய்து, அதைத் ‘தொடாதே’ என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிட்டு வருவது என் தொழில்.

அறிவியல் கூடங்களுக்குக் காட்சிப்பொருள் செய்து கொடுக்கிறேன். பிள்ளைகள் கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு எரியும், கயிற்றை இழுத்தால் நாற்காலி மேலே போகும், அந்த மாதிரி. நாகர்கோவில் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. நான் படம் வரைவேன். வெல்டர் செல்வின் “இது நடக்காது” என்று சொல்லிவிட்டு அதைச் செய்து முடிப்பான். பஸ் ஸ்டாப்போ, பூங்கா ஊஞ்சலோ, பொதுமக்களுக்கென்று எதையாவது செய்து கொடுத்துவிட்டு, அது படும் பாட்டை ஓரமாக நின்று பார்த்த பாவிகள் உங்களில் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு அறக்கட்டளை அறிவியல் கூடம் கட்டியது. பதினான்கு பொருட்கள் கேட்டார்கள். இரண்டு வருடம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தோம். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்திய கையோடு செயலாளர் சார் ஒரு நிபந்தனையும் போட்டார். முதல் வருடத்தில் மூன்று பொருள் உடைந்தால், பதினான்கையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். பெட்டிக்குள் இருக்கிற கைப்பிடியை எந்தப் பிள்ளை சுற்றும்? சால்வை நிஜமாகவே கழுத்தை இறுக்கியது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“பயப்படாதீங்க மேடம், யாரும் தொடலேன்னா ஒண்ணும் உடையாது.”

கையைக் கட்டு

முதலில் வந்தது அருமனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம். அறுபது பிள்ளைகள், இரண்டு வரிசை, எல்லோருக்கும் கை கட்டு. வாயில் விரல் வேறு. பிரம்பில்லாமலே அறுபது பேரையும் அப்படி நடத்திக்கொண்டு வந்த டீச்சரை நான் மனதுக்குள் பாராட்டினேன். சாவு வீட்டில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சுற்றிவர மாட்டார்கள்.

உள்ளே வந்ததும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தார்கள். பதினான்கு பொருளுக்கும் பக்கத்தில் நான் எழுதி வைத்த விளக்கப் பலகைகளை ஒரு வரி விடாமல் எழுதினார்கள். ‘இந்தக் கைப்பிடியைச் சுற்றுங்கள்’ என்பதையும் எழுதினார்கள். சுற்றவில்லை. கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. டீச்சரிடம் போய், பிள்ளைகள் ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்கட்டுமே என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தொட்டா போருமா மேடம், எழுதாண்டாமா? நாளைக்கு ஹெச்.எம். நோட்டத்தானே கேப்பாவ.”

பொட்டு வைத்த குழி ஆடி

கூடத்துக்குக் காவலும் பராமரிப்பும் தங்கப்பன் அண்ணன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் பொருட்கள் மேல் அவருக்கு என்னைவிடப் பாசம். அதுதான் பிரச்சினையே. ஆயுத பூஜைக்கு வீட்டில் அரிவாள்மணைக்குக்கூடப் பொட்டு வைக்கிறவர், அறிவியலுக்கு வைக்காமல் விடுவாரா? பதினான்குக்கும் சந்தனம், குங்குமம், மாலை. காற்று ஊதிப் பந்தை அந்தரத்தில் நிறுத்துகிற பொருளின் வாயில் ஒரு பிடி விபூதி. மறுநாள் சுவிட்சைப் போட்டவுடன் அங்கே நின்ற எல்லோருக்கும் நெற்றி நிறையப் பட்டை விழுந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழி ஆடி என்று ஒன்று உண்டு. எதிரே நின்றால் நம் முகம் தலைகீழாகத் தெரியும், கையை நீட்டினால் எதிரிலிருந்து ஒரு கை வந்து நம் கையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதன் நட்டநடுவில் அப்பிய சந்தனம் காய்ந்துவிட்டது. அண்ணன் விடவில்லை. குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரியே புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்ச் சவுரி நாரால் அரை நாள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். ஆடியில் பூசியிருந்த பூச்சு முழுவதும் சவுரியோடு போய்விட்டது. முதல் உடைவு. நான் அதன் முன்னால் போய் நின்றேன். முகம் தலைகீழாகவும் தெரியவில்லை, நேராகவும் தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார்.

“நமக்குத் தெரியலேன்னா என்ன மேடம், சாமிக்குத் தெரியும்லா.”

ரகசியக் கிண்ணம்

ஹாலின் இரண்டு கோடியிலும் ஆளுயரத்துக்கு இரண்டு பெரிய கிண்ணங்கள் நிறுத்தியிருந்தோம். ஒன்றின் முன்னால் நின்று முணுமுணுத்தால் நாற்பது அடி தள்ளி மற்றதன் முன்னால் நிற்பவருக்குக் காதில் சொன்ன மாதிரி கேட்கும். இது உடையாது. உடைய இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நம் ஜனங்களுக்கு முணுமுணுக்கத் தெரியாது. ஒருவர் இந்தக் கோடியில் நின்று “கேக்குதாலே” என்று கத்துவார், மற்றவர் அந்தக் கோடியிலிருந்து “கேக்குகு மக்கா” என்று கத்துவார். இரண்டு பேரும் அறிவியலை மெச்சிக்கொண்டு போவார்கள்.

அதை ஒழுங்காகப் பயன்படுத்திய முதல் ஆட்கள் செயலாளரும் பொருளாளரும்தான். தெரியாமல் பயன்படுத்தினார்கள். அந்தக் கோடியில் கிண்ணத்துக்கு முன்னால் நின்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் இந்தக் கோடியில் குனிந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். “கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுத்து வச்சிரலாமா?” என்று பொருளாளர் கேட்டது என் காதுக்குள் விழுந்தது. “எடுத்து வையும். இன்னும் ரெண்டு உடையாமலா போகும்? இந்தக் கிண்ணம் எதுக்குன்னே எனக்கு விளங்கல. சும்மா வச்சிருக்காவ, அழகுக்கு” என்றார் செயலாளர். எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்துக்குள் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன், “சும்மா இல்ல சார், நல்லாவே வேலை செய்யுது.” இரண்டு பேரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொருளாளருக்கு வியர்த்துவிட்டது.

“சார், இந்த ஹால்ல என்னமோ இருக்கு. ஒரு கணபதி ஹோமம் வச்சிருவோம்.”

மேலே போன மாப்பிள்ளை

ஹோமம் நடந்தது. ஹாலுக்குள்ளேயே நடந்தது. முன்னால் நின்றால் நம் நிழலைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிற சுவர் ஒன்று செய்திருந்தோம். நெய்ப்புகை படிந்து அது அடுப்படிச் சுவராகிவிட்டது. இரண்டாவது உடைவு. பிள்ளைகளின் கை இதுவரை ஒன்றையும் உடைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆடியையும் சுவரையும் புதிதாகச் செய்து வைத்தோம். கணக்கு மட்டும் இரண்டிலேயே நின்றது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல நாளும் வந்தது. கப்பி நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் நம்மை நாமே தூக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவரும் தூக்கலாம். விசைப்படகுக்குப் போடுகிற கயிற்றைக் குளச்சலிலிருந்து வாங்கிப் போட்டிருந்தான் செல்வின். களியக்காவிளையில் கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். ஆள் நல்ல கனம். “இதெல்லாம் பிள்ளையளுக்கு” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அந்த அம்மா ஒரு கையால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கயிற்றை இழுத்தார். மாப்பிள்ளை தரையை விட்டு எழும்பினார். மூன்றடி போனதும் “போரும், இறக்கு” என்றார். அந்த அம்மா கயிற்றைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கம்பியில் கயிற்றை ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

“கொஞ்ச நேரம் அங்கனயே இரிங்க. நான் மத்ததெல்லாம் நிம்மதியாப் பாத்துட்டு வாறேன்.”

உடையாத மூன்று மாதம்

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றுமே உடையவில்லை. ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. “பாத்தியா, நம்ம வேலை நிக்கு” என்று செல்வினிடம் பெருமை பேசினேன். அவன் நம்பவில்லை. பிள்ளைகள் தொடுகிற சாமான் மூன்று மாதம் உடையாமல் இருந்தால் அது கடவுள் செய்ததாக இருக்க வேண்டும் என்றான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் கிளம்பிப் போனேன்.

ஹால் இருட்டாக இருந்தது. மெயின் சுவிட்ச் அணைத்திருந்தது. பதினான்கின் மேலும் பழைய வேட்டி போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் தங்கப்பன் அண்ணனைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று ஏசிவிட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது உடைவு அன்று அவர் முன்னால் நின்று புலம்பியது நான்தான். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது.

“மூணாவது ஒண்ணு உடைஞ்சா எல்லாம் போச்சுன்னு சொன்னியல்லா மேடம். அதாக்கும் நான் ஒருத்தனையும் தொட விடாதது.”

கைப்பிடி

பிப்ரவரி கடைசியில், வருடக் கெடு முடிகிற நாளில், அறக்கட்டளைக் கமிட்டி கூடியது. அன்றைக்குத்தான் முடிவு. நானும் அண்ணனும் காலையிலேயே வேட்டிகளை உருவி, கயிறுகளை அவிழ்த்து, எல்லாச் சுவிட்சையும் போட்டோம். ஆனது ஆகட்டும் என்று கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றை வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் வாத்தியார் வாசலிலேயே கையை உதறிவிட்டு டீக்குப் போய்விட்டார். அவருக்குக் கோயில் கட்டலாம். பிள்ளைகள் கிண்ணத்தில் முணுமுணுத்தார்கள், நாற்காலியில் ஏறினார்கள், ஆடியில் கை குலுக்கினார்கள். கமிட்டி சுவரோரமாக ஒதுங்கி நின்றது.

படார் என்று ஒரு சத்தம். சுற்றினால் விளக்கெரிகிற பெட்டியின் கைப்பிடி ஒரு பெண்பிள்ளையின் கையோடு வந்துவிட்டது. மூடியும் கழன்று கீழே கிடந்தது. மூன்றாவது உடைவு, கமிட்டியின் கண்ணெதிரே. அந்தப் பிள்ளை அழவில்லை. கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டாள். அவள் பின்னால் ஏழெட்டுத் தலைகள். “உள்ள காந்தம் இருக்குட்டி” என்றாள். விரலால் அச்சைச் சுற்றினாள், விளக்கு மினுக்கியது. “அப்போ நம்ம வீட்டு கரண்ட எவரு சுத்துகாவ?” என்று கேட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, “ஆரல்வாய்மொழில காத்தாடி சுத்துகுல்லா, அதாக்கும்” என்றாள். நான் எழுதி வைத்த பலகை பதினோரு வரி. அதில் இந்தக் காற்றாலை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

கமிட்டி பத்து நிமிடத்தில் முடிவெடுத்தது. பொருட்கள் எல்லாம் மிக அருமையாக இருக்கின்றனவாம். இவ்வளவு அருமையான பொருட்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாதாம். அதனால் கண்ணாடிப் பெட்டி. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாய் திறந்து சண்டை போட்டேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தக் கைப்பிடி போன பெட்டியைக் காட்டி, அதற்கும் கண்ணாடிதானா என்று கேட்டேன். செயலாளர் சார் நின்று அதைப் பார்த்தார். ஏழெட்டுத் தலைகள் இன்னும் அதற்குள்ளேதான் இருந்தன.

“அது உடைஞ்ச சாமான்லா மேடம், அதுக்கு எதுக்குப் பெட்டி? பிள்ளையளு என்னவும் செஞ்சிட்டுப் போட்டும்.”

இப்போதெல்லாம் எந்தக் கூடத்துக்குப் பொருள் செய்தாலும், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் நானும் செல்வினும் ஆளுக்கொரு ஸ்பேனரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஓர் இடத்திலாவது நன்றாக உடைத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம்.