கழுகின் விதவை

தலைநகரம் சான்டோ டொமிங்கோவில் அந்தத் தெருவுக்குப் போய் டிலேனியா கடை எது என்று கேட்டால் யோசிப்பார்கள். விதவை கடை எது என்று கேளுங்கள், எதிரே வருகிற முதல் ஆளே கூட்டிப்போய் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்திவிடுவார். இத்தனைக்கும் அவள் புருஷன் ஃபவுஸ்தோ குத்துக்கல் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து டோமினோக் காய்களை மேசையில் அறைந்துகொண்டிருப்பான். "ஏ விதவை, நாலு எம்பனாடா!" என்று யாராவது கத்தினால் அவன்தான் முதலில் சிரிப்பான். அவள் சிரிப்பதில்லை. உள்ளே வைக்கச் சீஸா, கோழியா என்று மட்டும் கேட்பாள்.

அவள் பிறந்தது வடக்கே சந்தியாகோவில். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிறதோ இல்லையோ, மஞ்சள் தொப்பி போட்டுவிடுவார்கள். ஊரின் பேஸ்பால் அணிக்குக் கழுகுதான் சின்னம். தலைநகரத்தின் அணி நீலம். நீலக்காரனுக்கும் மஞ்சள்காரனுக்கும் நடுவே கல்யாணம் நடக்கும், வியாபாரம் நடக்கும். குளிர்காலத்து ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் மட்டும் ஒரு மேசையில் சோறு இறங்காது.

டிலேனியா நீலக்காரனைக் கட்டிக்கொண்டு தலைநகரத்துக்கு வந்தாள். வந்த வாரமே, மளிகைக் கடை விர்ஹிலியோ எல்லார் முன்னாலும் கேட்டான். "வடக்கத்திப் பொண்ணு, நீ எந்தப் பக்கம்?" புதுப் பெண்டாட்டி. புருஷன் முகத்தைப் பார்த்தாள். "அவரு எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான்" என்றாள். தெருவே கைதட்டியது. ஃபவுஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே நீலக் கொடி ஒன்றை வாங்கிவந்து வாசலில் கட்டினான். பிறகு வாசலிலேயே கடை போட்டபோது அந்தக் கொடியைக் கடைக்கு மேலே மாற்றினான்.

அதே வாரம் அண்ணன் எலிஹியோ ஊரிலிருந்து போன் செய்தான். "எதிரி ஊருக்குப் போயிருக்கே. மஞ்சக் கொடி கட்டிட்டியா?"

"கட்டிட்டேண்ணே."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன சொல். அவன் அதைக் கொண்டுபோய் மைதானத்தில் தன் கூட்டாளிகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். தலைநகரத்தில், நீலக்காரர்கள் நடுவில், தன்னந்தனியாக மஞ்சள் கொடி பறக்கவிடும் தங்கச்சி! அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு பெயரே உண்டாகிவிட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவள் வாழ ஆரம்பித்தது அப்படித்தான்.

ஊரை விட்டாலும் அணியை விட முடியவில்லை. எலிஹியோ எப்போதும் பந்தடித்தவன் ஓடித் தொடும் முதல் தளத்துக்குப் பின்னால் ஒரே பெஞ்சில்தான் உட்காருவான். ஆட்டம் தொடங்கியதும் அவளைக் கூப்பிட்டு, போனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். இவள் தலைத்துணிக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு வாழைக்காய் வறுப்பாள். கடலைக்காரன் கூவுவது, கூட்டத்தின் இரைச்சல், அண்ணனின் வறட்டு இருமல் எல்லாம் சட்டைத் துணியில் உரசி உரசி வரும். கழுகு அணி ஓட்டம் எடுத்தால் அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்துவான். போன் இருக்கும் இடமும் அதுதான். இவள் காது கிழிந்துவிடும்.

"காதுல என்னக்கா?" என்று கேட்டவர்களிடம் ஜெபமாலை என்று சொல்லிவைத்தாள். கழுகு ஓட்டம் எடுக்கும்போது சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டு வருவதை "ஆமென்!" என்று மாற்றிக்கொள்வாள். என்ன பக்தி, என்ன பக்தி என்று தெரு மெச்சியது. மாதா பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறோமே என்று ஞாயிறு பூசையில் அவளுக்குக் கூசும். கொடியை நினைத்தால் அதைவிடக் கூசும். ஊருக்குப் போகும்போதெல்லாம் எலிஹியோவின் கூட்டாளிகள் எழுந்து நின்று அவளுக்கு இடம் விடுவார்கள்.

அந்த ஜனவரியில் இறுதி ஆட்டம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும். சந்தியாகோ மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். தோற்ற அணிக்குப் பாடை கட்டி ஊர்வலம் விடுவது வழக்கம். ஆட்டம் முடிவதற்கு முன்பே விர்ஹிலியோ சவப்பெட்டியைத் தயார் செய்துவிட்டான். பழைய கதவுப் பலகை, கறுப்புச் சாயம், உள்ளே மஞ்சள் ரிப்பன் கட்டிய உரித்த கோழி.

கழுகு அணியின் கடைசி ஆட்டக்காரன் அடித்த பந்து வானத்துக்குப் போய் நீலக்காரன் கையில் விழுந்தது. மஞ்சள் தோற்றது. காதில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தெருவில் வெடி வெடித்தது. அவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விர்ஹிலியோ பட்டாளத்தோடு வந்தான். "எல்லாம் ரெடி. பொணம் இருக்கு, சாமியார் இருக்காரு. விதவைதான் இல்ல. டிலேனியாக்கா, வடக்கத்திப் பேச்சு உங்க வாயிலதான் வரும். வாங்க!"

"எனக்கு வேலை கெடக்குப்பா."

"வேலையா? இன்னிக்கா? ஃபவுஸ்தோ, உம் பொண்டாட்டி இன்னும் கழுகுக்காரிதானா?"

ஃபவுஸ்தோ பெருமையாக எழுந்தான். "எம் பொண்டாட்டியா? போடீ, நடிச்சுக் காட்டு இவனுங்களுக்கு!"

யாரோ கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டார்கள். காதிலிருந்த இயர்போன் கழன்று கழுத்தில் விழுந்தது. போன் மேலங்கிப் பையில் கிடந்தது. அதை நினைக்க நேரமில்லை. பெட்டி தோளுக்கு ஏறியது, மேளம் அடித்தது, அவளைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

முதலில் அழத்தான் செய்தாள். மதியம் முழுக்க அடக்கிவைத்தது. கோழியைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்தது. "என்னமா அழறா பாரு! நிஜக் கண்ணீரு!" என்று ஜனங்கள் மொய்த்தார்கள். சந்துக்குச் சந்து கூட்டம் சேர்ந்தது. வெறும் அழுகை அலுத்துப்போனதும் விர்ஹிலியோ எடுத்துக் கொடுத்தான். "செத்தவரு எப்படிப்பட்டவரு? சொல்லுங்க விதவையக்கா!"

"கையாலாகாதவன்!" என்றாள். தெரு சிரித்தது. "திங்க மட்டும் தெரிஞ்சவன்! பறக்கத் தெரியாத கழுகு!"

சிரிப்பு அலையலையாக வந்தது. அத்தனை வருஷத்தில் தெரு அவளை அப்படித் தூக்கிவைத்ததில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"அவனோட சொந்தக்காரனுங்களப் பாக்கணுமே! வருசா வருசம் அதே பெஞ்சு, அதே அழுக்குச் சட்டை. வாயப் பொளந்துகிட்டு..." அவள் தோளைக் குறுக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினாள். வறட்டு இருமல், அச்சு அசலாக. பிறகு நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். "ஜெயிச்சிருவோம்! அடுத்த வருசம் ஜெயிச்சிருவோம்!"

பெட்டி தூக்கியவர்கள் சிரிப்புத் தாங்காமல் பெட்டியைக் கீழே வைத்தார்கள். ஃபவுஸ்தோவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதவை, விதவை என்று தெருவே கூவியது.

இருட்டத் தொடங்கும் வேளையில் வீட்டுக்கு வந்து துணியைக் கழற்றினாள். மேலங்கிப் பையில் கைவிட்டாள். போன் சூடாக இருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

காதில் வைத்தாள். கடலைக்காரன் சட்டிகளை அடுக்கும் சத்தம். பிறகு அந்த இருமல்.

"அண்ணே?"

"ம்."

"நீ... வைக்கலியா?"

"நீ போயிட்டு வரேன்னு சொல்லாம நான் எப்ப வச்சிருக்கேன்?"

வெட்கத்தில் உடம்பு பற்றி எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். "எலிஹியோ, உந் தங்கச்சியா? கொடிக்காரியா? குடுய்யா, ஒரு வார்த்தை பேசிக்கிறேன். அங்க தனியா என்ன பாடு படுதோ புள்ள."

"அழுதுகிட்டிருக்கா. விடு" என்றான் எலிஹியோ. பிறகு போனில், பக்கத்திலிருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். "டிலேனியா, அந்தப் பயலுக குடிச்சிருப்பானுங்க. நம்ம கொடியக் கிழிச்சுப் போட்டுருவானுங்க. உள்ள எடுத்து வை."

"அண்ணே, கொடி..." என்று இழுத்தாள். "கொடியே இல்லண்ணே. ஒரு நாளும் இருந்ததில்ல."

அவன் எழுந்து நாலடி தள்ளிப் போனது தெரிந்தது.

"எனக்குக் காது கேக்குதுடி. எல்லாம் கேட்டுச்சு" என்றான் மெதுவாக. "எடுத்து வைன்னு சொன்னேன்."

"சரிண்ணே."

"எடுத்தாச்சா?"

வாசலில் ஃபவுஸ்தோவின் நீலக் கொடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள். "எடுத்தாச்சு."

"மடிச்சு வை. அடுத்த வருசம் வேணும்."

"வரேண்ணே" என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் போனை வைத்தான்.

அவள் கையில் கறுப்புத் துணிதான் இருந்தது. அதை நாலாக மடித்தாள். வெளியே மேளம் நின்று கூட்டத்துக்குப் பசி வந்துவிட்டது போலும். "ஏ விதவை!" என்று யாரோ கத்தினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.