அறுபதாம் கல்யாணப் பத்திரிகையும் வருமான வரியும்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறுபத்தைந்து வயதானவர்களுக்கு வருமான வரியில் தள்ளுபடி இருந்த காலம் அது; செய்தித்தாளில் படித்தேன். எனக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து அப்போது ஐந்து வருடமாகியிருந்தது. அந்தக் கல்யாணப் பத்திரிகையையே வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு, கடைவீதியில் வரிக் கணக்கு எழுதித் தருபவரிடம் போனேன்.

"இது செல்லாதுங்க ஐயா. ஸ்கூல் சர்டிபிகேட் கொண்டாங்க" என்று சிரித்தார்.

சர்டிபிகேட்டில் எனக்கு இரண்டு வயது குறைவு. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குறைத்துப் போட்டது என்று சொன்னேன்.

"அப்ப இன்னும் ரெண்டு வருஷம் முழு வரிதாங்க."

முழு வரியை என்னிடம் வாங்கிக்கொண்டு, தள்ளுபடியைத் தன் பையில் போட்டுக்கொள்வாரோ? சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்து, ஜாதகத் தேதியை எழுதி நானே படிவத்தை நிரப்பினேன். கையெழுத்துப் போடும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"வேலையில சேந்தப்ப எந்தத் தேதிய குடுத்தீங்க?"

"சர்டிபிகேட் தேதி."

"அதாலதானே ரெண்டு வருஷம் கூடுதலா சம்பளம் வாங்கினீங்க? இப்ப மட்டும் ஜாதகமா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்கன்னா பொய்க் கணக்குன்னு உங்களைத்தான் புடிப்பாங்க."

படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதிலிருந்து வயதானவர்களுக்கு எந்தச் சலுகை என்றாலும் சர்டிபிகேட்டைப் பார்த்த பிறகே ஆசைப்படுகிறேன். ஆனாலும் வரிப் பணத்தை அந்தக் கடைவீதிக் கணக்குக்காரர் கையில் கொடுப்பதில்லை. நானே பேங்கில் கட்டி ரசீது வாங்கிவிடுகிறேன்.