பெரிய மிஸி இன்னும் பணியில் இருக்கிறார்

கிளினிக் கணினியில் நோயாளிப் பதிவை யார் ஒழுங்காகச் செய்கிறார்கள், யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. போகிற இடமெல்லாம் என்னைக் கண்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மலேசியாவில், யோங் பெங்கில் இருந்த அந்தக் கிளினிக்கில் அதுகூட இல்லை. தாதிகள் மூன்று பேர்; அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோதனைக்கு முதலில் இளைய மிஸி உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தொடுமுன், "உள்ள வர்றேன் மிஸி" என்று முணுமுணுத்தாள். திரையின் மூலையில் வேறொரு பெண்ணின் பெயர் வந்து நின்றது.

"யாரும்மா இது?"

"பெரிய மிஸி. போன வருஷம் தவறிட்டாங்க மேடம். டிரெய்னிங் போனது அவங்க மட்டுந்தான். நாங்க எல்லாரும் அவங்க பாஸ்வேர்ட்லதான் போவோம். கேக்காம போனா ஸ்கிரீன் நின்னுரும் லா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அலமாக்! காலையில கொழந்தைக்கு ஊசி போட்டது செத்தவங்களா?" என்று கத்தினேன். பதிவில் அப்படித்தான் இருந்தது.

இளைய மிஸிக்கு அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பெரிய மிஸி இருக்கும்போதே சேர்ந்தவள். ஆனால் அவள் பெயரில் கணினியில் ஒரு வேலைகூடப் பதிவாகவில்லை. சோதனையை நன்றாகத்தான் செய்தாள். பெரிய மிஸியின் கணக்கை மூடினால்தான் அவருடைய நிரந்தர வேலையை இவளுக்குத் தர முடியும் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

என் மடிக்கணினியில் மூடுவதற்கு அழுத்தினேன். 'பயனர் பணியில் இருக்கிறார்' என்றது திரை.

"எல்லாரும் வெளிய வாங்க!"

மற்ற கணினிகளை அணைத்துவிட்டு மூவரும் சுவரோரம் போய் நின்றார்கள். மறுபடி அழுத்தினேன். பயனர் பணியில் இருக்கிறார். சிஸ்டம் மெதுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பட்டப்பகலில் எனக்குப் பயமாக இருந்தது.

இளைய மிஸி மெல்ல என் பக்கத்தில் வந்து, திரையைப் பார்த்துச் சொன்னாள்: "போதும் மிஸி. வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

அழுத்தினேன். மூடிக்கொண்டது.

அவள் பெயரில் புதுக் கணக்கைத் திறந்து கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"வேலைதான் கெடைச்சிருச்சே, இப்ப என்னத்துக்கு அழுகை?" என்றேன்.

"இப்பத்தான் மேடம் அவங்க செத்தாங்க."