நாற்பது பாக்கெட் ஃபிஷ் ஃபிங்கர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாகூர் பக்கம் மணப்பட்டில் நடந்தது இது. எங்கள் சுயஉதவிக் குழுவில் ஐந்து பெண்கள். மீனை முள் நீக்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, மசாலாவும் பிரெட் தூளும் பூசி, ஃபிஷ் ஃபிங்கராக உறைய வைத்து விற்கிறோம். வாங்குகிறவர்கள் பொரித்தால் போதும். "மீன்ல பிஸ்கட்டு போடறாளுங்க" என்று ஊரே கிண்டல் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. வில்லியனூர் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. ஞாயிறு மாலைக்கு நாற்பது பாக்கெட். வியாழக்கிழமையே செய்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். வெளியூரிலிருந்து மகன் வர வேண்டும் என்று, உடலை வைக்கக் குளிர்பெட்டி வரவழைத்தார்கள். அவர்கள் வீட்டு லைன் தாங்கவில்லை. போட்டதும் ஃபியூஸ் போனது. நாங்கள் வேலை செய்யும் ஷெட்டில் பெரிய பிளக் பாயின்ட் ஒன்றுதான் இருக்கிறது. சாவு வீட்டில் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் ஃப்ரீசரைப் பிடுங்கிவிட்டு அதை அவர்களுக்குக் கொடுத்தேன். பாக்கெட்டுகளை ஐஸ் போட்டு மாற்றி வைக்கலாம் என்று நினைத்தவள், அழுகையிலும் ஆள் வரத்திலும் அடியோடு மறந்துபோனேன்.

சனிக்கிழமை மாலை, சாவு எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. ஓடிப்போய்த் திறந்தால், பிரெட் தூளெல்லாம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. நாற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிளக்கை மாட்டினேன். விடிவதற்குள் கல்லாக இறுகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் வந்து, வழக்கம்போல ரெண்டு பொரித்துத் தரச் சொன்னாள்.

"வேணாம், அத்தத் தொடாத" என்று என் வாய் தானாகச் சொன்னது.

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. என் பிள்ளைக்கு ஆகாதது ஊரார் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

உடனே மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார்கள், வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஒருத்தி மட்டும், "கொதிக்கிற எண்ணெயில போட்டா கிருமியெல்லாம் செத்துடும், வுடுடி" என்றாள். ஒரேயடியாக முடியாது என்றுவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டி நாற்பதையும் பிரித்துக் கொட்டினோம். மண்ணைத் தள்ளும்போது அவள்தான் அதிகம் அழுதாள்.

புது மீனுக்கும் வழியில்லை. எங்கள் ஊரில் சாவு விழுந்தால், மறுநாள் பால் தெளிக்கும் சடங்கு முடியும் வரை ஒரு படகும் கடலில் இறங்காது. ஆனது ஆகட்டும் என்று ஞாயிறு விடியற்காலை ஸ்கூட்டியை எடுத்தேன். அரியாங்குப்பம், டவுன் எல்லாம் தாண்டி பிள்ளைச்சாவடிக் கரையில் போய் நின்றேன். ஷீலா மீன் வந்திருந்தது, ஆனால் எங்களுக்கு வேண்டியதில் பாதிதான் தேறியது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, விருந்து வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆர்டர் போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

"முடிஞ்ச வரைக்கும் கொண்டாங்கம்மா. மீதிக்கு நான் பஜ்ஜி போட்டுக்கறேன்" என்றார்.

ஐந்து பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தோம். மூன்று மணிக்கு இருபத்திரண்டு பாக்கெட் தயார். ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோய், நானே அடுப்படியில் நின்று பொரித்துப் போட்டேன். வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் மறுபடி மறுபடி தட்டை நீட்டியபோது தயங்காமல் அள்ளி வைத்தேன்.

முழு மீனை வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதே மீனை நாங்கள் மசாலாவும் தூளும் பூசி மூடிவிட்ட பிறகு, அவர்களுக்காகப் பார்ப்பதற்கு எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதை ஒவ்வொரு பாக்கெட்டை ஒட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.