கூடத்தில் மாட்டிய கடல்

பினாங்கில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார். யாரோ பிரெஞ்சுக்காரன் வரைந்த புயல்கடலின் அச்சுப் பிரதி. கண்ணாடிச் சட்டம் போட்டது. கிட்டே போனால், வெள்ளையடிக்கிறவன் மட்டையைத் துடைத்த சுவர் மாதிரி வெறும் திட்டுகள். இதைப் போய்க் கடல் கடந்து சுமந்து வந்தாரே என்று நினைத்தேன். மாமியாருக்கு மட்டும் திருப்தி. எங்கள் வீடுகளில் உயிருள்ள எதன் உருவத்தையும் மாட்டுவதில்லை. மாட்டினால் மலக்குகள், அதாவது வானவர்கள், உள்ளே வரமாட்டார்கள். இதில் தண்ணீர்தானே இருக்கிறது? தொழுகிற கூடத்திலேயே மாட்டினோம்.

ஜப்பான்காரன் யுத்தத்தில் இறங்கியபோது அவர் மறுபடியும் பினாங்கில் இருந்தார். கப்பல் ஏறுகிறேன் என்று தந்தி வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. ஆடிப்பெருக்குக் காவிரியைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்க்காதவள் நான். அந்தப் படத்தின் பக்கம் பார்க்காமலே கூடத்தைக் கடப்பேன்.

ஒரு பகல் அடுப்படி வாசலில் நின்றபடி பார்த்தேன். அலைக்கு நடுவே நாலைந்து கறுப்புத் தீற்றல்கள் சேர்ந்து ஒரு படகாயின. உள்ளே மூன்று பேர். கிட்டே ஓடினேன்; வெறும் தீற்றல். திரும்பி வந்தேன், மூன்று பேர்.

சொல்லவில்லை. சொன்னால், தீப்பெட்டிப் படத்து முகத்தில் பூசுவதுபோல, மாமியார் விளக்குக் கரியைப் பூசி அவர்களை அழித்துவிடுவார். சொல்லாவிட்டால், ஐந்து வேளையும் அங்கே உட்கார்ந்து மகனுக்காக அவர் அழுது கேட்கிற துஆ மேலே போகுமா? இருதலைக் கொள்ளி எறும்பானேன். என்னால்தான் கடிதம் வரவில்லை என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

மாமியார் கரியை எண்ணெயில் குழைத்து விரலில் எடுத்துக்கொண்டு போனார். விரல் கண்ணாடியைத் தொடப்போன சமயம் கத்திவிட்டேன்.

"வேணாம் மாமி! அதுல அவுங்க இருக்காங்க!"

"பைத்தியமா புள்ள உனக்கு?" என்றார். ஆனாலும் நான் நின்ற இடத்துக்கு வந்து, நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல இருக்கறவன் கெட்டியாப் புடிச்சிருக்கானா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

"புடிச்சிருக்காங்க மாமி."

விரலைச் சேலையில் துடைத்தார். தொழுகைப் பாயைச் சுருட்டி எடுத்துவந்து, அடுப்படியில் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் விரித்தார்.